கூடைப்பந்துக்காக அமெரிக்கக் கல்லூரி: கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டிய காகிதங்கள்

2022 மார்ச்சில், நியூ ஜெர்சியின் செயின்ட் பீட்டர்ஸ் பல்கலைக்கழக அணி கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் ஆடவர் தொடரில் கென்டக்கி, மரே ஸ்டேட், பர்டூ என மூன்று அணிகளை வரிசையாகச் சாய்த்துக் கடைசி எட்டுக்குள் நுழைந்தது. பிரிவுக்கு 16 அணிகள் உள்ள அந்தத் தொடரில் 15ஆம் தரவரிசையில் இருந்த எந்த அணியும் அதற்கு முன் அவ்வளவு தூரம் வந்ததில்லை. தொடரிலிருந்து வெளியேறிய சில நாட்களிலேயே கோச் ஷாஹீன் ஹாலோவே, தான் படித்த சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாகப் போய்விட்டார். அடுத்த சீசனுக்குள் அணியின் முக்கிய ஆட்டக்காரர்கள் பலரும் வேறு வேறு கல்லூரிகளின் சீருடையில் இருந்தார்கள். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஆடவர் கல்லூரிக் கூடைப்பந்து இன்று நடக்கும் விதமே அப்படித்தான்.

கல்லூரி தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் எடைபோடுவது கோச்சையும் சக ஆட்டக்காரர்களையும்தான். ஒரே ஏப்ரலில் மாறிப்போகக்கூடியவையும் அந்த இரண்டுதான். பாடத்திட்டம், வகுப்பு நேரம், பணம் பற்றிய ஒப்பந்தம், சேர்த்து வைத்த கிரெடிட் (முடித்த பாடங்களுக்கான அலகு) ஆகியவை அப்படி ஓடிப்போவதில்லை. ஒப்பீட்டை அங்கிருந்து தொடங்குங்கள்.

என்சிஏஏவின் மூன்று பிரிவுகளில் மேல்நிலையான டிவிஷன் 1இல் சுமார் 360 ஆடவர் அணிகள் உள்ளன. அணிக்கு 15 பேர் என்று வைத்தால் 5,400 பேர். தொழில்முறை லீகான என்பிஏ புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டு சுற்றும் சேர்ந்தே அதிகபட்சம் 60 இடம், அதிலும் ஐரோப்பியப் பையன்களுக்குப் பங்கு போகும். பையனிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பான், சொல்லத்தான் வேண்டும்.

பணத்துக்கு வருவோம். "டிவிஷன் 1 ஆஃபர் வந்திருக்கிறது" என்றால் முழு உதவித்தொகை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 2025 ஜூனில், ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மேல் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தரும்வரை அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அப்போது ஆடவர் கூடைப்பந்தில் 13 உதவித்தொகை, ஒவ்வொன்றும் ஓர் ஆளுக்கு, பிரித்துக் கொடுப்பது கிடையாது. சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இப்போது உதவித்தொகை எண்ணிக்கைக்கு வரம்பில்லை. அதற்குப் பதில் அணியில் 15 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 15 பேருக்கும் முழுத் தொகை தரலாம், பாதியும் தரலாம், சிலருக்கு ஒன்றுமே தராமலும் இருக்கலாம். ஆகவே ஆஃபர் என்ற சொல்லைக் கேட்டதும் அடுத்த கேள்வி எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டுக்கு என்பதாக இருக்க வேண்டும். கல்லூரி தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரவும் அந்தச் சமரசம் வழிவிட்டது. முதல் ஆண்டு வரம்பு கல்லூரிக்கு சுமார் 2 கோடி 5 லட்சம் டாலர், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. அதில் பெரும்பகுதி பெரிய கான்ஃபரன்ஸ்களின் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) அமெரிக்கக் கால்பந்து அணிகளுக்குப் போகும். முதலாண்டில் 6 நிமிடம் ஆடப்போகும் பையன் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

டிவிஷன் 2இல் ஆடவர் அணிக்கு 10 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகை. அதைக் கோச் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார். டிவிஷன் 3இல் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடக் கிடையாது. டிவிஷன் 1இல் இருந்தாலும் ஹார்வர்டு, யேல் போன்றவை அடங்கிய ஐவி லீகின் எட்டுக் கல்லூரிகளும் அப்படித்தான். சமரசத்திலும் அவை சேரவில்லை. அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி. ஹார்வர்டில் 2025-26 முதல், வழக்கமான சொத்து நிலையுள்ள குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலருக்குள் இருந்தால் கல்விக் கட்டணம் இல்லை. ஒரு லட்சத்துக்குள் என்றால் தங்குமிடம், சாப்பாடு உட்பட எதற்கும் கட்டணம் இல்லை. பெரிய பெயரில்லாத டிவிஷன் 1 கல்லூரியின் 60 சதவீத ஆஃபரைவிட, ஒரு டிவிஷன் 3 கல்லூரியின் படிப்புசார் உதவி மலிவாக முடிவது உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளின் தளங்களில் நிகரச் செலவைக் கணக்கிடும் கருவி இருக்கும். ஒவ்வொரு கல்லூரிக்கும் நான்காண்டு மொத்தத்தைப் போட்டு ஒரே தாளில் எழுதுங்கள். முதலாண்டுச் செலவை மட்டும் ஒப்பிடுவதில்தான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன.

ஒரு கல்லூரிக்கே வருவேன் என்று பல ஆண்டுகளாக மாணவர்கள் கையெழுத்திட்டு வந்த தேசிய விருப்பக் கடிதம் 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டது. இப்போது கட்டுப்படுத்துவது நிதியுதவி ஒப்பந்தம்தான். கோச் போனில் சொன்னது அதில் இல்லையென்றால், அது இல்லை. நான்கு இடங்களை விரல் வைத்துப் படியுங்கள்: எத்தனை ஆண்டு, காயத்தால் ஆட முடியாமல் போனால் என்ன, கோடைப் பருவப் பாடத்துக்கு யார் பணம், எந்தக் காரணத்துக்கு ரத்து செய்யலாம். பட்டம் முடிக்காமல் போனவர்களுக்குப் பிறகு வந்து முடிக்க நிதி உண்டா என்றும் கேளுங்கள். டேவிட்சன் கல்லூரியை 2009இல் விட்டுப்போன என்பிஏ நட்சத்திரம் ஸ்டீஃபன் கரி பட்டம் வாங்கியது 2022இல். அவருக்குப் பணம் ஒரு கவலையில்லை, மற்றவர்களுக்கு அப்படியல்ல.

தகுதி விதியில் கோட்டை விடுவது பெரும்பாலும் 10ஆம் வகுப்பிலேயே நடந்துவிடுகிறது. டிவிஷன் 1க்கு உயர்நிலைப் பள்ளியில் 16 முக்கியப் பாடங்கள் வேண்டும்: ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக 1, சமூக அறிவியல் 2, மற்றவை 4. அவற்றில் 10 பாடங்கள் 12ஆம் வகுப்பு தொடங்கும் முன் முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலில். அந்தப் பத்தின் மதிப்பெண் அங்கேயே உறைந்துவிடும். திரும்ப எழுதி உயர்த்த முடியாது. சராசரி 4க்குக் குறைந்தது 2.3. எஸ்ஏடி, ஏசிடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்ணை என்சிஏஏ 2023 ஜனவரியில் கைவிட்டது. கல்லூரிகள் கைவிட்டன என்று அதற்குப் பொருளில்லை. ஐவி கல்லூரிகளில் பல அதை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன.

உயரம் கூட வேண்டும், உடம்பு தேற வேண்டும் என்று ஒரு வகுப்பைத் திரும்பப் படிக்க வைக்கும் வழக்கம் கூடைப்பந்தில் அதிகம். 9ஆம் வகுப்பில் கால் வைத்த நாளிலிருந்து நான்கு ஆண்டுக்குள் படித்த பாடம்தான் டிவிஷன் 1 கணக்கில் வரும். உரிய காலத்தில் பள்ளியை முடித்தவர் அதன் பின் ஓராண்டுக்குள் ஒரே ஒரு பாடத்தை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். தமிழ்நாட்டிலிருந்து 12 முடித்து, அமெரிக்கத் தயாரிப்புப் பள்ளி ஒன்றில் இன்னும் ஓராண்டு படித்தால் மதிப்பெண் தேறிவிடும் என்று யாராவது சொன்னால், இந்த விதியை அவர் முன்னால் வைத்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

இனி யாரும் பார்க்காத காகிதம்: வகுப்பு அட்டவணை. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி, வாரம் ஒரு நாள் ஓய்வு என்று விதி. நல்லதாகத்தான் தெரியும். ஆனால் மேட்ச் நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி என்றே கணக்கு. பயணம் சேராது, காயத்துக்கான சிகிச்சை சேராது. புதன் இரவு 7 மணிக்கு வெளியூர் மேட்ச் என்று வையுங்கள். செவ்வாய் மதியம் 2 மணிக்கு விமானம், வியாழன் விடியற்காலை 2 மணிக்கு விடுதி. செவ்வாய் 2 முதல் 5 வரை இருந்த கரிம வேதியியல் லேப் போச்சு, புதன் முழுக்கப் போச்சு, வியாழன் காலை 9 மணி வகுப்பில் உடம்பு மட்டும் இருக்கும். விரிவுரையை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். லேப்புக்கு அது நடக்காது. பொறியியல், நர்சிங், மருத்துவத்துக்கு முந்தைய படிப்பு எல்லாவற்றிலும் இடிப்பது இந்த மதிய நேரம்தான். பயிற்சி எத்தனை மணிக்கு, அந்த மேஜரின் (முதன்மைப் பாடத்தின்) கட்டாய லேப்கள் எத்தனை மணிக்கு என்று கல்லூரியின் பாட அட்டவணையை நீங்களே திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். லேப் காலையிலும் நடக்கிறதா, ஒரே ஒரு பிரிவுதானா என்பதில் பாதி விஷயம் தீர்ந்துவிடும்.

கான்ஃபரன்ஸின் வரைபடமும் படிப்பு சம்பந்தப்பட்டதே. 2024இல் மேற்குக் கடற்கரையின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ, பிக் டென் கான்ஃபரன்ஸுக்குப் போனது. ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு வார நடுவில் பறக்கும் அணிகள் இவை. போதாக்குறைக்கு ஸ்டான்ஃபோர்டிலும் யுசிஎல்ஏவிலும் ஆண்டைச் சிறு பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை. பத்து வாரப் பாடத்தில் ஒரு வாரம் தவறினால் பத்தில் ஒரு பங்கு போகிறது. குளிர்காலக் குவார்ட்டரின் இறுதித் தேர்வு மார்ச் நடுவில் வரும், தேசியத் தொடர் தொடங்குவதும் அதே சமயம். தேர்வை ஓட்டலில் எழுதக் கண்காணிப்பாளர் வருவாரா என்பது அங்கே நியாயமான கேள்வி. ஐவியில் கான்ஃபரன்ஸ் மேட்ச்கள் பெரும்பாலும் வார இறுதியை ஒட்டி, பக்கத்து மாநிலங்களுக்குப் பஸ்ஸில். படிப்பு முக்கியம் என்பவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடு தரவரிசைப் பட்டியலைவிடப் பெரியது.

இன்னொரு சோதனை. அணியின் தளத்தில் ஆட்டக்காரர் பட்டியலுடன் பலரின் மேஜரும் இருக்கும். கடந்த நான்கு ஆண்டுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பெரும்பாலோர் ஒரே இரண்டு மேஜரில் இருந்தால், அது ரசனை ஒற்றுமையாக இருக்க வாய்ப்பு குறைவு. நான்காண்டுப் பட்டத்துக்கு என்சிஏஏவின் வழக்கமான கணக்கு 40-60-80: இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்தின் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடிந்திருக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டத்தில் 40 சதவீதம் என்றால் 48. இரண்டு ஆண்டில் 60 கிரெடிட் வைத்திருக்கும் பையன் கல்லூரி மாறுகிறான். புதிய கல்லூரி 60ஐயும் ஏற்கிறது, ஆனால் அவன் கேட்கும் கணினி அறிவியல் மேஜருக்குப் பொருந்துவது 39தான். 9 குறைகிறது. கோடையில் மூன்று பாடம் படிக்க வேண்டும், அல்லது எதை வேண்டுமானாலும் ஏற்கும் பொதுப் பட்டம் ஒன்றுக்கு மாற வேண்டும். ஆலோசகர் இரண்டாவதைக் காட்டுவார், பையன் ஆட வேண்டுமே. கணினி அறிவியல் அங்கேதான் செத்துப்போகிறது.

பட்டம் முடிப்பவர்கள் பற்றிக் கல்லூரி காட்டும் எண் பெரும்பாலும் என்சிஏஏவின் பட்ட வெற்றி விகிதம். நல்ல மதிப்பெண்ணுடன் வேறு கல்லூரிக்குப் போனவர்களை அது கணக்கிலிருந்தே எடுத்துவிடும். அரசின் விகிதம் அவர்களைத் தோல்வியாக எண்ணும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், பையன்கள் வந்து போகும் அணி என்று படியுங்கள். அணியின் கல்வி முன்னேற்ற விகிதம் 1000க்கு 930க்குக் கீழே போனால் சீசனுக்குப் பிந்தைய தொடரில் ஆட முடியாது. கனெக்டிகட் பல்கலைக்கழக அணி 2013இல் அப்படி வெளியே உட்கார்ந்தது, 2014இல் சாம்பியன் ஆனது. கோப்பையை வைத்துப் படிப்பை மதிப்பிட முடியாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆட்ட நேரத்தையும் இதே பட்டியலில் படிக்கலாம். உங்கள் பையன் ஆடும் இடத்தில் எத்தனை பேர், யார் எந்த ஆண்டில் போகிறார்கள், கடந்த மூன்று ஆண்டில் காலி இடத்தைக் கோச் பள்ளி மாணவனால் நிரப்பினாரா, டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்புவோர் பெயர் பதியும் பட்டியல்) வந்த 22 வயதுக்காரனால் நிரப்பினாரா. இரண்டாவதுதான் வழக்கம் என்றால் "நீதான் எங்கள் எதிர்கால பாயின்ட் கார்டு" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. டிவிஷன் 3இல் தொடங்குவது கதவடைப்பும் அல்ல: டங்கன் ராபின்சன் டிவிஷன் 3இல் உள்ள வில்லியம்ஸ் கல்லூரியில் ஓராண்டு ஆடி, மிச்சிகன் போய், என்பிஏவுக்குப் போனார்.

ஐவியையும் படிப்பில் உயர்ந்த டிவிஷன் 3 கல்லூரிகளையும் பார்ப்பவர்கள் கோச்சிடம் கேட்க வேண்டிய சொல் 'முன்வாசிப்பு'. 11ஆம் வகுப்பு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலையும் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்க்கை அலுவலகம் முன்கூட்டியே பார்த்து, வாய்ப்பு எப்படி என்று சொல்லும். செப்டம்பர் வந்தும் அதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் "உன்னை மிகவும் பிடித்திருக்கிறது" என்று மட்டும் எழுதும் கோச்சின் பட்டியலில் பையன் மேலே இல்லை.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்கள், தங்கள் பெயர், படம் சார்ந்த விளம்பரப் பணத்திலோ கல்லூரி நேரடியாகத் தரும் பணத்திலோ கை வைக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். என்சிஏஏ அனுமதிப்பது வேறு, விசா அனுமதிப்பது வேறு. கோச்சின் உத்தரவாதம் தூதரகத்தில் செல்லாது.

கல்லூரி தன் செலவில் அழைத்துப் போகும் வருகையில் ஜிம்மும் சீருடை அறையும் அவர்களே காட்டுவார்கள். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது இரண்டு சந்திப்பு. ஒன்று, அந்தத் துறையின் ஆலோசகர். விளையாட்டுத் துறையின் ஆலோசகர் போதாது. இன்னொன்று, காயத்தால் சீசனை இழந்த ஓர் ஆட்டக்காரர். கோச் இல்லாத இடத்தில் அவரிடம், இப்போது சிகிச்சைக்கு யார் கூட்டிப் போகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

பின்னால் போர்ட்டலில் பெயர் போட நேர்ந்தாலும், படிப்பையும் பணத்தையும் முதலில் பார்க்கும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெயர் பதிந்ததும் இப்போதைய கல்லூரி அந்தப் பருவத்தின் முடிவில் உதவியை நிறுத்திக்கொள்ள இடமுண்டு, புதிய இடம் கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. கிரெடிட் பட்டியலையும் ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் பிடிஎஃப் ஆக முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பேச்சு முற்றும் கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்திடம், எத்தனை கிரெடிட் ஏற்கப்படும் என்று கேட்காமல், இந்த மேஜருக்கு எத்தனை கிரெடிட் பொருந்தும் என்று எழுத்தில் வாங்குங்கள்.