கறுப்பு சக்குலன்ட் ஏன் பச்சையாகிறது?

ஏயோனியம் 'ஸ்வார்ட்காப்' என்பது கறுப்பு இலைக்காகவே வாங்கப்படும் ஒரு சக்குலன்ட், அதாவது நீரைச் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுள்ள செடி. அதன் இலை ஒன்றைக் கிள்ளி எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே கறுப்பு இருக்காது. ஈரம் மினுங்கும் வெளிர்பச்சைச் சதைதான் இருக்கும். அதைச் சுற்றி, கத்திரிக்காய்த் தோல் கனத்துக்கு ஒரு கருஞ்சிவப்பு விளிம்பு ஓடும். கறுப்பு என்று காசு கொடுத்து வாங்குவதெல்லாம் அந்த விளிம்பைத்தான்.

வெட்ட மனம் வரவில்லை என்றால் வேறொன்று செய்யலாம். இலையடுக்கில் மேலே இருக்கும் இலையை மெல்லத் தூக்கி, அது மறைத்திருந்த கீழ் இலையின் அடிப்பகுதியைப் பாருங்கள். மேல் இலையின் நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சையாக, ஓரம் வரைந்தது மாதிரி தெரியும். ஒரே இலைதான், ஒரே மரபணுக்கள்தான்; வெயில் பட்ட பாதி கறுத்திருக்கிறது, படாத பாதி பச்சையாகவே இருக்கிறது.

'வாங்கும்போது கருகருவென்று இருந்தது, வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் பச்சையாகிவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள்' என்ற புகாருக்கு விடை அந்த நிழல் தடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் நர்சரிக்காரர் மேல் தப்பில்லை. வரவேற்பறை மூலையில் வைக்கப்பட்ட செடி, இனி இங்கே கறுப்பு தேவையில்லை என்று அதைத் தயாரிப்பதை நிறுத்திக்கொண்டது.

இலையில் கறுப்பு நிறமி என்று தனியாக எதுவும் இல்லை. பச்சையம் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் நன்றாக உறிஞ்சும், பச்சையை ஓரளவு திருப்பி அனுப்பும். அதனால்தான் இலை நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. ஆந்தோசயனின் என்ற இன்னொரு நிறமி, பச்சையம் தவறவிடும் அந்தப் பச்சை ஒளியை, அதாவது 500 முதல் 550 நானோமீட்டர் அலைநீளத்தில் உள்ளதை, உறிஞ்சிவிடும். இரண்டும் ஒரே இலையில் அடர்த்தியாகச் சேர்ந்தால் கண்ணுக்குத் திரும்பி வர ஒளி மிச்சமில்லை. அதைத்தான் கறுப்பு என்கிறோம். நாவல்பழத்திலும் கறுப்புக் கவுனி அரிசியின் தவிட்டிலும் இருப்பது இதே ஆந்தோசயனின் குடும்பம்தான். உதிர்ந்த கறுப்பு இலைகளை நசுக்கிச் சுடுநீரில் ஊறவைத்து, அந்த நீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பு பளிச்சென்று ஏறும். சமையல் சோடா போட்டால் நீலம், பச்சை என்று மாறும். குழந்தைகளுக்குக் காட்ட நல்ல சோதனை.

எல்லா சக்குலன்டுக்கும் இது பொருந்தாது. கள்ளி வகைகளும் நம் வீட்டு டேபிள் ரோஸும் வேறொரு தாவர வரிசையைச் சேர்ந்தவை. பீட்ரூட்டில் இருக்கும் பீட்டாலைன் என்ற நிறமிதான் அவற்றுக்குச் சிவப்பையும் ஊதாவையும் தருகிறது. பீட்டாலைன் தயாரிக்கும் செடியில் ஆந்தோசயனின் இருப்பதில்லை. இரண்டையும் சேர்த்துத் தயாரிக்கும் செடியை இயற்கையில் இதுவரை யாரும் கண்டதில்லை. ஏன் என்பது தாவரவியலில் இன்னும் சுவாரசியமான கேள்வி. இங்கே நாம் பேசுவது ஏயோனியமும் எச்செவேரியா என்ற இன்னொரு சக்குலன்டும் அடங்கிய கிராசுலேசி குடும்பத்தின் ஆந்தோசயனின் கறுப்பைப் பற்றி மட்டும்.

சரி, செடிக்கு இந்தக் கறுப்பு எதற்கு? ஒளி உணவுதான் என்றாலும் அளவுக்கு மிஞ்சினால் ஆபத்து. பச்சையம் பிடிக்கும் ஒளியாற்றலைச் சர்க்கரையாக மாற்றும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேல் வரும் ஆற்றல், செல்லுக்குள் இருக்கும் ஆக்சிஜனை மற்றவற்றைத் தாக்கும் வடிவங்களாக மாற்றி, செல்லின் உள் அமைப்பையே அரிக்க வைக்கும். இலையின் மேல்பரப்பை ஒட்டிய செல்களில் ஆந்தோசயனின் ஒரு திரையாக நின்று, உள்ளே போகும் ஒளியில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறது. பூச்சிகளிடமிருந்து தப்பிக்க, குளிரைத் தாங்க என்று வேறு காரணங்களும் சொல்கிறார்கள். ஆய்வாளர்களுக்குள் இதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் நிழல் தடத்தைப் பார்த்த கண்ணுக்கு ஒளித்திரை என்ற விளக்கமே முதலில் பொருந்துகிறது.

சக்குலன்டுகளுக்கு இந்தத் திரை ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதற்கு அவற்றின் மூச்சுமுறையைப் பார்க்க வேண்டும். அதைப் பற்றிய ஒரு பழைய துப்பு கிடைத்தது இந்தியாவில். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சென்னை மாகாணத்தில் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்னே என்ற ஜெர்மானியர், ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று நம் ஊரில் சொல்வார்களே, அதே செடி. காலையில் இலை நல்ல புளிப்பு, நண்பகலில் சப்பென்று இருந்தது, மாலையில் லேசான கசப்பு. இதை லண்டன் லின்னேயன் சங்கத்துக்குக் கடிதமாக எழுதினார். 1815-இல் அது அச்சானது. 1819-இல் சென்னையிலேயே அவர் இறந்தார். அந்தப் புளிப்பு எதனால் என்பது துலங்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

வறண்ட இடத்தில் பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் இருக்கும் நீரெல்லாம் ஆவியாகிவிடும். அதனால் இவை இரவில் துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாக்கி, செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பையில் சேர்த்துவைக்கின்றன. காலைப் புளிப்பு அந்த அமிலம்தான். பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அமிலத்தை உடைத்து, வரும் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு ஒளிச்சேர்க்கை நடக்கிறது. மதியத்துக்கு மேல் அமிலம் தீர்ந்துபோகும், வெயில் தீராது. மண் காய்ந்திருந்தால் துளைகளைத் திறக்கவும் முடியாது. அந்த நேரத்தில் வந்து விழும் ஒளி முழுக்க உபரி. திரை அப்போது உதவுகிறது. ('பிளாக் பிரின்ஸ்' போன்ற எச்செவேரியாக்கள் இந்த முறையை நன்றாகவே கையாளுபவை. ஏயோனியங்களில் இனத்துக்கு இனம் அளவு மாறும்.)

கறுப்புச் சட்டை வெயிலில் சுடுவதுபோல் கறுப்பு இலையும் கூடுதலாகச் சுடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கொஞ்சம் உண்மை, அவ்வளவு பெரிதில்லை. சாதாரணப் பச்சை இலையே கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறத்தாழ 85 சதவீதத்தை உறிஞ்சிவிடும். வெயிலின் ஆற்றலில் பாதியளவு அகச்சிவப்பாக வருகிறது. அதைப் பச்சை இலை, கறுப்பு இலை இரண்டுமே பெரும்பாலும் உறிஞ்சுவதில்லை. எனவே நிறத்தால் ஏறும் வெப்பம் சிறிதுதான். சக்குலன்ட் இலை கொதிப்பதற்கு முக்கியக் காரணம் பகலில் துளைகள் மூடியிருப்பது. மற்ற இலைகள் நீரை ஆவியாக்கிக் குளிர்ந்துகொள்கின்றன, இதற்கு அந்த வழி இல்லை.

இப்போது நிறம் ஏறுவதற்கு என்ன வேண்டும் என்று பார்க்கலாம். முதலாவது வெளிச்சம், அதிலும் நீல ஒளியும் புற ஊதாவும். இவற்றை உணரும் புரதங்கள்தான் ஆந்தோசயனின் மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. ஜன்னல் கண்ணாடி புற ஊதாவில் UV-B என்ற குறுகிய அலைநீளப் பகுதியைப் பெரும்பாலும் தடுத்துவிடும்; அதனால் கண்ணாடிக்கு உள்ளே வெளிச்சமாகவே இருந்தாலும் நிறம் மங்கும். இரண்டாவது குளிர்ந்த இரவு. பகலில் சேர்ந்த சர்க்கரை குளிரில் வளர்ச்சிக்குச் செலவாகாமல் தேங்கும், அந்தத் தேக்கமே நிறமி தயாரிக்க ஒரு சமிக்ஞை. மூன்றாவது, நைட்ரஜன் குறைவாக இருப்பது. யூரியாவோ நைட்ரஜன் தூக்கலான உரமோ போட்டால் செடி கொழுகொழுவென்று பச்சையாக வரும். வளரும் பருவத்தில் உரம் கொடுப்பதானால் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி போதும்.

ஆனால் பச்சையாகிப் போனதைக் கண்டதும் தூக்கிக்கொண்டுபோய் மொட்டைமாடி நடுவில் வைப்பதுதான் அதிகம் நடக்கும் விபரீதம். நிறமி ஒரே நாளில் வந்துவிடாது. திரை இல்லாத இலை வெயிலில் வெந்துபோகும். வெந்த இடம் காகிதம்போல் வெளுத்து நிற்கும், அது ஆறாது, இலை உதிரும்வரை அப்படியேதான். முதல் வாரம் ஒரு மணி நேரக் காலை வெயில், அப்புறம் மெதுவாகக் கூட்டி, இரண்டு மூன்று வாரத்தில் நான்கைந்து மணி நேரம் என்று கொண்டுவந்தால் புதிய இலைகள் கறுத்தே வரும். நடுக்குருத்து எப்போதும் கொஞ்சம் பச்சையாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

சமவெளியில் இவற்றை வளர்ப்பவர்களுக்குப் பகல் வெயிலைவிட இரவுதான் பெரிய தொல்லை. சென்னையில் மே மாத இரவுகளில் வெப்பம் பெரும்பாலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. சூடான இரவில் செடி சேமிக்கும் அமிலம் குறைகிறது, சுவாசத்தில் எரிந்துபோகும் சர்க்கரை கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வேலியோரம் செழிக்கும் எச்செவேரியா கடலோர ஊரில் சோர்ந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரவில் காற்றோட்டமாக இருக்கும் இடம், பகல் சூட்டைச் சேர்த்துவைத்து இரவில் கக்கும் சுவரிலிருந்து தள்ளி வைப்பது, மண்தொட்டி, இவ்வளவுதான் நம்மால் செய்ய முடிந்தது.

இன்னொரு சிக்கல் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறத்தில் உட்கார்ந்திருக்கும் ஏயோனியம், எச்செவேரியா 'பிளாக் பிரின்ஸ்' என்ற இந்த இரண்டு செடிகளுக்கும் பருவம் நேர் எதிர். ஏயோனியங்களில் பெரும்பாலானவை வடமேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள கேனரித் தீவுகளைச் சேர்ந்தவை. அங்கே மழை குளிர்காலத்தில், கோடை வறண்டது. அதனால் ஏயோனியம் கோடையில் தூங்கும். வெளி இலைகளை உதிர்த்துவிட்டு, மீதியைக் குவித்து மொட்டுப்போல் மூடிக்கொள்ளும். செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றினால் வேர் அழுகி உண்மையிலேயே செத்துவிடும். அந்தக் காலத்தில் நிழலில் வைத்து, மாதத்துக்கு ஓரிரு முறை ஓரமாகக் கொஞ்சம் நனைத்தால் போதும். 'பிளாக் பிரின்ஸ்' அப்படியில்லை. கலிபோர்னியாவில் ஃபிராங்க் ரைனெல்ட் உருவாக்கிய கலப்பினம் அது. பெற்றோரான எச்செவேரியா அஃபினிஸ், எச்செவேரியா ஷவியானா இரண்டும் மெக்சிகோ மலைகளைச் சேர்ந்தவை. அங்கே மழை கோடையில். ஏயோனியத்தின் பருவத்துக்கு நம் வடகிழக்குப் பருவமழை ஒருவகையில் சரியாகவே ஒத்துப்போகிறது, அளவுதான் ஒத்துவரவில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இரண்டையுமே மழை நேராக விழாத கூரை ஓரத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் கறுப்பு இலை நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். பச்சை எச்செவேரியாவில் நீர் மிஞ்சினால் கீழ் இலைகள் மஞ்சளாகி, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். கறுப்பில் அது சட்டென்று கண்ணில் படாது. விரலால்தான் பார்க்க வேண்டும். கீழ் இலை சுருங்கி, வளைத்தால் தோல்போல் மடிந்தால் தாகம். அழுத்தினால் கொழகொழவென்று உள்ளே போனால், தொட்டதும் கழன்று விழுந்தால், நீர் மிஞ்சிவிட்டது. உடனே தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். இதற்கு ஈடாக ஒரு வசதியும் உண்டு: இலையிடுக்கில் மாவுப்பூச்சி ஒட்டினால் கறுப்பில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்துவிடும். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைத்தால் போய்விடும். துடைத்த செடியை அன்றைக்கு வெயிலில் வைக்காதீர்கள்.

மண் கலவையைப் பற்றி ஆளுக்கொரு சூத்திரம் சொல்வார்கள். வேருக்குக் காற்று வேண்டும் என்பதை மறக்காத எந்தச் சூத்திரமும் சரிதான். பாதிக்கு மேல் பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் குருணை, பருமணல், பொடித்த செங்கல் மாதிரியானவை, மீதி மட்கிய உரம் என்றால் போதும். நர்சரியிலிருந்து வரும் செடி பெரும்பாலும் கோகோபீட்டில், அதாவது தென்னைநார்த் தூளில், இருக்கும். அது அவர்களுடைய நிழல்வலைக்கு ஒத்துவரும், நம் பால்கனியில் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு வேரை மூச்சுமுட்ட வைக்கும். வந்த வாரத்திலேயே மாற்றிவிடுங்கள்.

வெளிச்சம் போதாமல் தண்டு நீண்டுபோனதைப் பழையபடி குறுக்க முடியாது. தலையை இரண்டு மூன்று அங்குலத் தண்டோடு வெட்டி, வெட்டுவாய் காய நாலைந்து நாள் நிழலில் வைத்து, அப்புறம் நடலாம். மொட்டைத் தண்டையும் எறிய வேண்டாம். நுனி போனதும் பக்க மொட்டுகள் விழித்து நாலைந்து தலையாகக் கிளைக்கும். எச்செவேரியாவில் அடிப்பகுதி முழுசாக வரும்படி கழற்றிய ஒற்றை இலையிலிருந்தே புதுச்செடி வரும். ஏயோனியத்தில் இலையை வைத்துக் காத்திருப்பது பெரும்பாலும் வீண், அதற்குத் தண்டுதான்.

வெயிலே வராத வீட்டில் கறுப்பு வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு என் சிபாரிசு இசட் இசட் செடியின் 'ரேவன்' வகை. கிழக்கு ஆப்பிரிக்க இனத்தின் தேர்வு இது. மண்ணுக்கடியில் கிழங்கில் நீரைச் சேர்த்துவைக்கும். குருத்து பளீர்ப் பச்சையாக வந்து, இலை முதிர முதிரக் கறுக்கும். மங்கிய வெளிச்சத்திலும் அந்தக் கறுப்பு பெரும்பாலும் நிலைக்கும்.

இணையத்தில் 'கறுப்பு ரோஜா சக்குலன்ட் விதை' என்று பாக்கெட்டில் விற்பதை மட்டும் வாங்காதீர்கள். 'ஸ்வார்ட்காப்' தண்டிலிருந்தும், 'பிளாக் பிரின்ஸ்' தண்டிலிருந்தும் இலையிலிருந்தும் பெருக்கப்படுபவை. விதையிலிருந்து அதே குணத்தோடு வராது. வண்ணம் பூசி விற்கும் செடிகளும் உண்டு. கடையில் சந்தேகம் வந்தால் நடுக்குருத்தையும் இலை ஒன்றோடொன்று மூடும் இடத்தையும் பாருங்கள். அங்கே துளிப் பச்சைகூட இல்லாமல் ஒரே சீராகக் கறுத்திருந்தால், அது பெரும்பாலும் பெயின்ட்.