அந்த எண்ணுக்குள் எதை எண்ணியிருக்கிறார்கள்?

சிறு வியாபாரிகளுக்கு இணைய விளம்பரம் செய்து கொடுப்பது என் தொழில். ஈரோடு, கரூர், திருப்பூர் பக்கம் போர்வை, துண்டு, சேலை, பனியன் விற்பவர்கள்தான் பெரும்பாலும் என்னிடம் வருகிறார்கள். வரும்போதே பலரிடம் வேறு ஏதோ விளம்பர ஏஜென்சி கொடுத்த ஒரு பிபிடி, அதாவது பவர்பாயிண்ட் கோப்பு, இருக்கும். முதல் பக்கத்தில் ‘இந்தியாவில் 97 கோடி இணையப் பயனர்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கடைசிப் பக்கத்தில் மாதக் கட்டணம் இருக்கும். நடுவில் உள்ள எண்களைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நகையை அடகு வைத்து அந்தக் கட்டணத்தைக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் அந்த 97 கோடியையே எடுத்துக்கொள்வோம். எண் பொய்யில்லை. 2024 இறுதியில் இந்தியாவின் இணையச் சந்தாக்கள் ஏறக்குறைய அவ்வளவு என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கணக்குக் காட்டுகிறது. அதே 2024க்கு இணைய, மொபைல் நிறுவனங்களின் சங்கமும் காந்தார் என்ற சந்தை ஆய்வு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை 88.6 கோடி என்கிறது. எட்டுக் கோடிக்கு மேல் வித்தியாசம். இரண்டில் எது சரி என்றால், இரண்டுமே சரிதான். டிராய் எண்ணுவது இணைப்புகளை. ஒருவரிடம் இரண்டு சிம் இருந்து இரண்டிலும் டேட்டா ஓடினால் அது இரண்டு. காந்தார் எண்ணுவது ஆட்களை. மாதத்தில் ஒரு முறையாவது இணையத்தைத் தொட்டவர் அதில் சேர்ந்துவிடுவார். பேரன் அனுப்பிய வீடியோவை எப்போதாவது திறந்து பார்க்கும் தாத்தாவும் அந்த 88.6 கோடியில் ஒருவர். அவர் ஆன்லைனில் போர்வை வாங்குவாரா என்பது இந்த இரண்டு எண்ணிலும் இல்லாத கேள்வி.

மொபைல் இணைப்புக் கணக்கும் இப்படித்தான். 2024 கடைசியில் சுமார் 115 கோடி. அதில் உண்மையில் இயங்கிக்கொண்டிருந்தவை சுமார் 106 கோடி என்று அதே டிராய் அறிக்கையே தனியாகச் சொல்கிறது. மீதி, ரீசார்ஜ் செய்யாமல் மேசை டிராயரில் கிடக்கும் சிம்கள் போன்றவை. பிபிடியில் எப்போதும் பெரிய எண்தான் வரும். நகரத்தில் 100 பேருக்கு 120க்கு மேல் இணைப்பு, கிராமத்தில் 60க்கும் குறைவு என்ற பிரிப்பும் அதே அறிக்கையில் உண்டு. கைக்குழந்தையையும் சேர்த்துத்தான் அந்த 100 பேர் என்பதால், நகர எண்ணை வைத்து ஆளுக்கொரு போன் என்று முடிவு கட்டவும் முடியாது.

துணி விற்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் மார்ச் வரை மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் நடத்திய ஆய்வில், நாட்டின் 85.5 விழுக்காட்டு வீடுகளில் ஒரு ஸ்மார்ட்போனாவது இருப்பதாகத் தெரிந்தது. வீட்டில் இருக்கிறது, சரி. யார் கையில் இருக்கிறது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் நாடு முழுவதும் 33 விழுக்காடு, ஆண்கள் 57. தமிழ்நாட்டில் பெண்கள் சுமார் 47, ஆண்கள் 70. அதற்குப் பிறகு இந்த எண்கள் ஏறியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இடைவெளி மறைந்துவிடவில்லை என்பதை நான் வாரா வாரம் பார்க்கிறேன்.

சேலை விளம்பரம் ஓடும்போது விளம்பரத் தளம் கொடுக்கும் அறிக்கையைத் திறந்தால், வாங்கியவர்களில் கணிசமானோர் ‘ஆண், 35 முதல் 44 வயது’ என்று வரும். இதைப் பார்த்த ஒரு கடைக்காரர், ஆண்கள்தான் பரிசாக வாங்குகிறார்கள் போல என்று நினைத்து, பெண்களுக்குக் காட்டும் விளம்பரத்தைக் குறைக்கச் சொன்னார். பார்சல் வாங்கியவர்களைப் போனில் கூப்பிட்டு விசாரித்தோம். பெரும்பாலான வீடுகளில் கதை ஒன்றுதான். ராத்திரி சமையல்கட்டு வேலை முடிந்த பிறகு, கணவரின் போனில் மனைவி பார்த்திருக்கிறார். கணவரின் கணக்கிலேயே ஆர்டரும் போயிருக்கிறது. போனின் சொந்தக்காரரைத்தான் தளம் எண்ணியது. சேலையைத் தேர்ந்தெடுத்தவர் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

இன்னொரு பழக்கமும் அறிக்கையில் தெரியாது. நம்மூர் வாடிக்கையாளர்கள் பலர் விளம்பரத்தில் இருக்கும் ‘இப்போதே வாங்கு’ பொத்தானைத் தொடுவதே இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “அண்ணா, இந்தக் கலர் இருக்கா? ரேட் என்ன?” என்று கேட்பார்கள். சில சமயம் அந்த ஸ்கிரீன்ஷாட் அக்கா, நாத்தனார், பக்கத்து வீடு என்று நாலு போன் தாண்டி வந்திருக்கும். தளத்தின் கணக்கில் அந்த விளம்பரம் தோல்வி. கல்லாவில் பணம் விழுந்திருக்கும். எந்த டிசைனின் ஸ்கிரீன்ஷாட் அதிகம் வருகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்வேன். எந்த மென்பொருளையும் விட அந்த நோட்டு எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

அப்புறம் ‘வியூஸ்’. ஒரு லட்சம் வியூஸ் வந்துவிட்டது என்று சந்தோஷப்படும் முன், எத்தனை நொடி பார்த்தால் ஒரு வியூ என்று கேளுங்கள். பேஸ்புக் வீடியோவுக்கு நெடுங்காலம் 3 நொடிதான் அளவு. யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல், வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. குறைந்தபட்ச நேரம் என்று எதுவும் இல்லை. அந்தத் தேதிக்குப் பிறகு பலருக்கும் வியூஸ் எகிறியது. பார்த்தவர்கள் கூடவில்லை, எண்ணும் முறை மாறியது. ‘எங்கள் கைக்கு வந்ததும் வியூஸ் இரண்டு மடங்கு’ என்று யாராவது வரைபடம் காட்டினால், தேதியைப் பாருங்கள்.

பெரிய நிறுவனம் கொடுக்கும் எண் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2016இல் பேஸ்புக், வீடியோக்களின் சராசரிப் பார்வை நேரத்தைக் கூடுதலாகக் காட்டிவந்ததை ஒப்புக்கொண்டது. 3 நொடிக்குள் தாண்டிப் போனவர்களை விட்டுவிட்டுச் சராசரி போட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே இன்னொன்று வெளியே வந்தது. அமெரிக்காவில் 18 முதல் 24 வயதுக்குட்பட்ட 4.1 கோடிப் பேரிடம் விளம்பரத்தைக் கொண்டு சேர்க்கலாம் என்று பேஸ்புக்கின் விளம்பரக் கருவி சொன்னது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கின்படி அந்த வயதில் இருந்தவர்களே சுமார் 3.1 கோடிதான்.

யுபிஐ கணக்கையும் இப்போது எல்லாரும் காட்டுகிறார்கள். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள், சுமார் 24.85 லட்சம் கோடி ரூபாய். மலைக்க வைக்கும் எண்தான். வகுத்தால் ஒரு பரிவர்த்தனைக்கு ஏறக்குறைய 1,240 ரூபாய் வரும். ‘மக்கள் சராசரியாக 1,240 ரூபாய் செலவு செய்கிறார்கள், ஆகவே 1,200 ரூபாய்க்கு ஒரு காம்போ போடுங்கள்’ என்று ஒரு பிபிடியில் எழுதியிருந்தது. அந்தத் தொகையில் பெரும்பகுதி ஆள் ஆளுக்கு அனுப்பிக்கொள்ளும் பணம்: வாடகை, கைமாற்று, ஊருக்கு அனுப்புவது. கடைகளுக்குச் செலுத்தும் யுபிஐயைத் தனியாகப் பிரித்தால், பத்தில் எட்டுக்கும் மேல் 500 ரூபாய்க்குள்தான். டீக்கடை, மளிகை, பேக்கரி க்யூஆர் எல்லாம் அதில் அடக்கம். யுபிஐ வளர்ச்சி உண்மை; அது ஆன்லைன் ஷாப்பிங்கின் வளர்ச்சி என்று படிப்பதுதான் தப்பு.

என்னிடம் வருபவர்களை நிஜமாகவே கடனில் தள்ளுவது ‘ரோயஸ்’ என்ற எண். விளம்பரத்துக்குப் போட்ட பணம் எத்தனை மடங்கு விற்பனையாகத் திரும்பியது என்ற கணக்கு அது. எடுத்துக்காட்டுக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய் விளம்பரம், 1,000 ரூபாய் போர்வைக்கு 40 ஆர்டர். விற்பனை 40,000, ரோயஸ் நான்கு. எல்லாம் கேஷ் ஆன் டெலிவரி. தளம் ஆர்டர் விழுந்ததுமே எண்ணிவிடும். கதவைத் தட்டும்போது ‘வேண்டாம்’ என்று 12 பேர் திருப்பி அனுப்பினால், கையில் வருவது 28,000. போர்வையின் அடக்க விலை 600 என்றால் 28க்கு 16,800 போய்விடும். மீதி 11,200. கூரியர் போகும்போது 80, திரும்பும்போது 80 என்று வைத்தால், 40 பார்சல் போனதும் 12 திரும்பியதும் சேர்த்து 4,160. மீதி 7,040. விளம்பரத்துக்குக் கொடுத்தது 10,000. ஆக 2,960 ரூபாய் நஷ்டம். பேக்கிங், ஜிஎஸ்டி, திரும்பி வந்ததில் அழுக்கான உருப்படி எதையும் இதில் சேர்க்கவே இல்லை. அறிக்கையில் அப்போதும் ‘நான்கு மடங்கு’ என்றுதான் பச்சை எழுத்தில் இருக்கும். அதை நம்பி அடுத்த மாதம் விளம்பரத்தை இரட்டிப்பாக்கினால் நஷ்டமும் இரட்டிப்பாகும்.

இதற்கு மேல் ஒன்று. பேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைத் தொட்டு ஏழு நாளுக்குள் வாங்கினாலும், தொடாமல் வெறுமனே கண்ணில் பட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலும், அந்த விற்பனை விளம்பரத்தின் கணக்கில் சேரும். அதே ஆள் கடைப் பெயரைக் கூகுளில் தேடி, அங்கேயும் விளம்பரத்தைத் தொட்டுவிட்டு வாங்கினால், கூகுளும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். ஒரு போர்வை இரண்டு அறிக்கையில் விற்றிருக்கும். இரண்டையும் கூட்டி ஒரே தாளில் கொடுக்கும் ஏஜென்சிகள் இருக்கின்றன.

புதிதாக ஒருவரிடம் விளம்பரத்தை ஒப்படைக்கும் முன், மாத அறிக்கையில் ஆர்டர் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே டெலிவரி ஆனவை, திரும்பி வந்தவை, வங்கியில் வந்த தொகை மூன்றையும் போட முடியுமா என்று கேளுங்கள். விளம்பரக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். கூரியர் கம்பெனியின் மாதப் பில்லை நீங்களே வாங்கி, அறிக்கையோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒரு மணி நேர வேலைதான். இதற்கு முகம் சுளிப்பவரிடம் பணத்தைக் கட்ட வேண்டாம், அவர் காட்டும் பிபிடி எவ்வளவு அழகாக இருந்தாலும்.