‘சேமிப்பு நோய்’ என்று ஒரு நோயா?

நோயாளிகளுக்குக் கொடுக்கும் விளக்கத் தாள்களைத் தமிழாக்குவது என் தொழில். மண்ணீரல் வீங்கிய ஒரு குழந்தையின் அம்மா ‘லைசோசோமல் சேமிப்பு நோய்’ என்று அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “சேமிக்கிறதுன்னா நல்லதுதானே சார், அது எப்படி நோயாகும்?” அந்தத் தாளை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் பதில் சொல்ல முடியாமல் விழித்தது நான்தான். அதற்கப்புறம் அதே பெயரை ஒரு காணொளியில் கேட்டேன், ஒரு கட்டுரைத் தலைப்பில் பார்த்தேன், போன வாரம் ஓர் அழைப்பிதழிலும் பார்த்துவிட்டேன். பொறுத்தது போதும்.

சொல்லின் பிறப்பைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கிரேக்கத்தில் ‘லைசிஸ்’ என்றால் அவிழ்த்தல், கரைத்தல். ‘சோமா’ என்றால் உடல். இரண்டையும் சேர்த்து 1955இல் கிறிஸ்டியன் டி டூவும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் வைத்த பெயர் லைசோசோம். செல்லுக்குள் இருக்கும் சவ்வுப் பை அது. உள்ளே அமிலம், அந்த அமிலத்தில் வேலை செய்யும் பல பத்து நொதிகள். செல்லின் பழைய பாகங்களும், செல் விழுங்கிய வெளிப்பொருள்களும் இங்கே வந்துதான் துண்டு துண்டாகின்றன. அப்படி உடையாமலோ வெளியேறாமலோ ஏதாவது உள்ளேயே நின்றுவிட்டால் வருபவைதான் இந்த நோய்கள். (பள்ளியில் இதைத் ‘தற்கொலைப் பை’ என்று மனப்பாடம் செய்தவர்கள் அதை மறந்துவிடலாம். நாள் முழுக்க குப்பை அள்ளுகிறவருக்குக் கொலைகாரர் என்று பட்டம் கட்டியது போன்ற பெயர் அது.)

இந்த நோய்கள் பலவற்றில் அடிபடும் இன்னொரு பெயர் ஸ்பிங்கோலிப்பிடு. 1884இல் தூடிஹும் என்ற மருத்துவர் மூளையிலிருந்து பிரித்த ஒரு பொருள் அவருக்குப் பிடிபடவே இல்லை. விடுகதை போடும் ஸ்பிங்ஸை நினைத்து அதற்கு ஸ்பிங்கோசின் என்று பெயர் வைத்தார். அதன் வழி வந்த கொழுப்புகள்தான் ஸ்பிங்கோலிப்பிடுகள். ‘புதிர்க்கொழுப்பு’ என்று தமிழாக்க எனக்கும் கை அரிக்கும். ஆனால் புதிர் அவருடையது, கொழுப்பினுடையது அல்ல. பெயரை அப்படியே விட்டுவிடலாம்.

இனி ‘ஸ்டோரேஜ்’. ஆங்கிலத்தில் ‘லைசோசோமல் ஸ்டோரேஜ் டிசீஸ்’ என்பதில் உள்ள இந்தச் சொல்தான் தமிழில் சேமிப்பு ஆனது. ஜெர்மனில் இவற்றுக்கு ‘ஷ்பைஹர்க்ரான்க்ஹைட்’ என்று பெயர். ஷ்பைஹர் என்றால் களஞ்சியம். கதிர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘தெசாரிஸ்மோசிஸ்’ என்ற பழைய மருத்துவப் பெயரும் உண்டு. அதன் கிரேக்க வேருக்குக் கருவூலம் என்று பொருள். ஆக ஐரோப்பிய மொழிகளும் இதில் தமிழைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளவில்லை. ஆனால் அவர்களுக்கு ஒரு சாக்கு இருக்கிறது. அவர்கள் பெயர் வைத்தபோது நுண்ணோக்கியில் தெரிந்ததெல்லாம் ஏதோ அடைத்துக்கொண்டு உப்பிய செல்கள்தான். 1882இல் கோஷே என்ற பிரெஞ்சு மருத்துவர் அந்தச் செல்களை முதலில் விவரித்தபோது மண்ணீரலில் வந்த கட்டி என்றே நினைத்தார். ஏன் அடைத்துக்கொண்டது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

இன்றைக்குத் தெரியும், அதுவும் தெளிவாக. அவர் பெயரால் வழங்கும் கோஷே நோயில் சேருவது குளுக்கோசெரிப்ரோசைடு என்ற ஸ்பிங்கோலிப்பிடு. செல் அதை அளவுக்கு மீறித் தயாரிக்கிறதா, தயாரித்ததை உடைக்க முடியாமல் திணறுகிறதா? இதுதான் அன்றைய கேள்வி. ராஸ்கோ பிரேடியின் குழு பார்த்தபோது, நோயாளியின் மண்ணீரல் திசுவில் தயாரிப்பு வழக்கமான வேகத்தில்தான் நடந்தது. அப்புறம் அந்தக் கொழுப்பிலேயே கதிரியக்கக் கார்பனை ஏற்றி, அது உடைகிறதா என்று சோதித்தார்கள். உடைக்க வேண்டிய நொதி நோயாளிகளிடம் மிகக் குறைவு என்று 1965இல் அறிவித்தார்கள். 1968இல் எலிசபெத் நியூஃபெல்டு குழு ஹர்லர், ஹன்டர் என்ற இதே வகை நோய்கள் இரண்டு வந்தவர்களின் தோல் செல்களை வைத்து இதே கேள்வியைக் கேட்டது. அங்கே சேருவது வேறு பொருள், ஸ்பிங்கோலிப்பிடு அல்ல. ஆனால் விடை அதேதான்: வரவு சரியாக இருக்கிறது, சிதைவு நடக்கவில்லை. இரண்டு நோயாளிகளின் செல்களையும் ஒரே தட்டில் கலந்து வளர்த்தபோது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்துவைத்தது என்பது தனிக் கதை.

இவ்வளவு பாடுபட்டு அவர்கள் கண்டுபிடித்ததைத்தான் ‘சேமிப்பு’ என்ற ஒரே சொல் அழித்துவிடுகிறது. சேமித்தல் என்றால் பின்னால் உதவும் என்று ஒருவர் நினைத்து எடுத்துவைப்பது. அதற்கு ஆள் வேண்டும், நோக்கம் வேண்டும். கோஷே செல்லில் ஆளும் இல்லை, நோக்கமும் இல்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. சேமி என்பதன் அடியில் இருப்பது சேமம், அதாவது வடமொழி க்ஷேமம். பழைய கடிதங்கள் ‘உபய க்ஷேமம்’ என்று தொடங்குமே, அதே நலம்தான். தனித்தமிழ்க்காரருக்கு இது தமிழே இல்லை. மற்றவர்களுக்கோ நலம் என்று பெயர் கொண்ட நோய். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற சொல்லை ஏன் தூக்கிக்கொண்டு அலைகிறோம்? கணினியில் ‘சேவ்’ என்றால் சேமி, ‘ஸ்டோரேஜ்’ என்றால் சேமிப்பகம் என்று பழகிய கை அப்படியே மருத்துவத்திலும் தட்டிவிடுகிறது. அகராதியின் முதல் பொருளோடு வேலையை முடித்துக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர்கள் நம்மில் ஏராளம். அந்தப் பட்டியலில் ஒரு காலத்தில் நானும் இருந்தேன்.

நான் எழுதுவது தேக்கம். வீங்கு வீக்கம் ஆவது போல, தூங்கு தூக்கம் ஆவது போல, தேங்கு தேக்கம் ஆகிறது. தேங்குதல் தானாக நடப்பது. நீரைத் தேக்கினால்தான் ஆள் வேண்டும். தேங்குவதற்கு வழி அடைத்தாலே போதும். இந்த நோயின் கதை முழுவதும் அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் இருக்கிறது. மண்ணீரலில் உள்ள விழுங்கு செல் வயதான சிவப்பணுக்களை விழுங்குகிறது, ஒரு நாளும் நிறுத்துவதில்லை. அவற்றின் சவ்வில் இருந்த கொழுப்பு லைசோசோமுக்குள் வருகிறது. வெட்ட வேண்டிய நொதி போதாததால் உள்ளேயே நின்றுவிடுகிறது. அடுத்த சிவப்பணு வருகிறது, அதுவும் நிற்கிறது. கடைசியில் அந்தச் செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் கசக்கிப் பிரித்த மெல்லிய காகிதம் போலத் தெரியும்.

சிகிச்சையைச் சொல்லவும் இந்தச் சொல் கைகொடுக்கிறது. தேக்கம் என்றால் கேட்கிறவருக்கே தெரியும்: ஒன்று வடிகாலைத் திறக்க வேண்டும், அல்லது வரத்தைக் குறைக்க வேண்டும். குறையும் நொதியை ஊசிவழி ஏற்றுவது முதல் வழி; கோஷே நோய்க்கு 1991இல் வந்தது. அந்தக் கொழுப்பின் தயாரிப்பையே மாத்திரையால் மட்டுப்படுத்துவது இரண்டாவது வழி. சேமிப்பு என்று தொடங்கியவர் இந்த இடத்தில் என்ன சொல்வார், சேமிப்பைக் குறைத்துச் செலவு செய்யுங்கள் என்றா?

‘படிவு நோய்’ என்று ஒரு போட்டிச் சொல் சுற்றுகிறது. சேமிப்பைவிடப் பரவாயில்லை. ஆனால் படிவது மேலிருந்து வந்து ஒன்றின் மேல் ஒட்டுவது. திசுக்களுக்கு இடையே புரதம் படியும் அமிலாய்டு நோய்க்கு அந்தச் சொல் வேண்டியிருக்கிறது, அதற்கே விட்டுவைப்போம். ‘நொதிக் குறைபாட்டு நோய்’ என்பாரும் உண்டு. கேட்க அறிவியலாக இருக்கும். ஆனால் வலை மிகப் பெரிது, லைசோசோமோடு சம்பந்தமே இல்லாத பல நோய்களும் அதில் விழும். விழ வேண்டிய சில விழாமலும் போகும். நீமன்-பிக் நோயின் ‘சி’ வகையில் குறைபடுவது வெட்டும் நொதி அல்ல. கொலஸ்டிராலை லைசோசோமிலிருந்து வெளியே அனுப்பும் புரதத்தில்தான் பழுது. சிஸ்டினோசிஸ் என்ற நோயிலும் சிஸ்டின் என்ற அமினோ அமிலம் வெளியேறும் வாசல்தான் கெட்டிருக்கிறது. நொதி இருந்தும் தேங்குகிறது. இரண்டையும் தேக்கம் என்ற சொல் சிரமமில்லாமல் ஏற்கும்.

ஓர் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். கிளைக்கோஜன் (உடல் இருப்பு வைக்கும் சர்க்கரை வடிவம்) தொடர்பான நோய்கள் சிலவற்றில் ‘சேமிப்பு’ பொருந்தும். கல்லீரல் கிளைக்கோஜனை உண்மையிலேயே பின்னால் உதவும் என்று எடுத்துவைக்கிறது. நோய் வந்தவருக்கு அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. ஆனால் அதே வரிசையில் இரண்டாவதாக எண்ணப்படும் பாம்பே (Pompe; பம்பாய் அல்ல) நோயைச் சேர்க்காதீர்கள். அங்கே கிளைக்கோஜன் அடைபடுவது லைசோசோமுக்குள். 1963இல் ஹெர்ஸ் அதற்குக் காரணமான நொதிக் குறைவைக் கண்டார். லைசோசோம் நோய் என்ற வகையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

திட்டியது போதும், ஒரு பாராட்டும் சொல்லிவிடுகிறேன். ‘வளர்சிதைமாற்றம்’ என்ற சொல்லை ஆக்கியவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். கட்டுவதும் உடைப்பதும் ஒரே சொல்லில். ஸ்பிங்கோலிப்பிடு நோய்கள் பெரும்பாலும் அந்தச் சொல்லின் ‘சிதை’ பாதியில் வரும் பழுது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

கடைசியாக ‘லைசோசோமல்’. அந்த ‘அல்’ எதற்கு? இதய நோய் என்கிறோம், இதயல் நோய் என்பதில்லை. தமிழில் இரண்டு பெயரை அடுத்தடுத்து வைத்தாலே உறவு புரியும். ‘ஹார்மோனல் மாற்றம்’ என்று எழுதுகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். லைசோசோம் தேக்க நோய், அவ்வளவுதான். கோளாறு என்று முடித்தாலும் எனக்குச் சண்டையில்லை.