கழுத்தில் ஆப்பரேஷன், பசி எலும்புக்கு

பாராதைராய்டு என்ற கழுத்துச் சுரப்பிகளை எடுக்கும் ஆப்பரேஷனுக்குத் தேதி கிடைத்த டயாலிசிஸ் நோயாளிகள் என்னிடம் முதலில் கேட்பது, “மிஸ்ஸி, குரல் போயிடுமா?” அடுத்தது, தழும்பு வெளியே தெரியுமா என்பது. வீட்டுக்கு வந்த பிறகு எலும்பு என்ன செய்யும் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் டயாலிசிஸ் தாதியாக வேலை செய்கிற எனக்குக் கவலையெல்லாம் யாரும் கேட்காத அந்தக் கேள்வியில்தான்.

முதல் இரண்டுக்கும் பதில் சுருக்கமானது. குரல்நாண்களுக்குப் போகும் நரம்பு அந்தச் சுரப்பிகளை ஒட்டியே ஓடுகிறது. அதனால் சிலருக்குச் சில வாரங்கள் குரல் கம்மியிருக்கும். நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது குறைவு. தழும்பு நாளடைவில் கழுத்து மடிப்போடு மடிப்பாகப் போய்விடும். சரி, எலும்புக்கு வருவோம்.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. இரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை. சிறுநீரகம் கெட்டுப்போனால் பாஸ்பேட் வெளியேறாமல் தேங்குகிறது, வைட்டமின் டி வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதில்லை, கால்சியம் இறங்குகிறது. உடனே இந்தச் சுரப்பிகள் பி.டி.எச். என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி இரத்தத்தில் விடுகின்றன. இதுவே வருடக்கணக்கில் நடந்தால் சுரப்பிகள் பருத்து, கடைசியில் எந்த மருந்துக்கும் அடங்காமல் போய்விடும். எலும்பு வலி, தூங்கவிடாத அரிப்பு, நாற்காலியிலிருந்து எழ முடியாத தொடைத் தளர்ச்சி எல்லாம் ஒவ்வொன்றாக வரும்.

நம் பக்கத்தில் இதை வாதம் என்று நினைத்து, எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவரிடம் போகிறார்கள். இருபது முப்பது வருடம் பால்மரம் சீவியவர்களுக்கு இடுப்பும் முட்டியும் வலிப்பது சகஜம்தானே என்று வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள். கால்சியம் உருவப்பட்ட எலும்பு அழுத்தி உருவுவதைத் தாங்காது, முறியவும் முறியும். பி.டி.எச். எவ்வளவு என்று பார்க்காமல் டயாலிசிஸ் நோயாளியின் உடம்பில் யாரும் கை வைக்காமல் இருப்பது நல்லது.

இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில ஆய்வுக்கூடங்கள் பி.டி.எச்.-ஐப் பிகோகிராம் கணக்கில் எழுதும், சில பிகோமோல் கணக்கில். 800 பிகோகிராம் என்பதும் 85 பிகோமோல் என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் பக்கத்துக் கட்டில்காரரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு நிம்மதியடைவதற்கு முன், அலகு ஒன்றுதானா என்று பாருங்கள்.

இப்போது ஆப்பரேஷன். நான்கையும் எடுத்துவிட்டு ஒரு துண்டை முன்கையில் பதிப்பார்கள், அல்லது மூன்றரைச் சுரப்பியை எடுப்பார்கள். எப்படியானாலும் பி.டி.எச். ஒரே நாளில் சரிந்துவிடும். வருடக்கணக்காக இ.பி.எஃப். (சேமநிதி) பணத்தை எடுத்துச் செலவழித்த குடும்பம், ஒருநாள் திடீரென்று எடுப்பதை நிறுத்திவிட்டு, வருகிற சம்பளம் முழுவதையும் கணக்கிலேயே போட ஆரம்பித்தால் வீட்டுச் செலவுக்கு என்ன மிஞ்சும்? எலும்பும் அதைத்தான் செய்கிறது. இரத்தத்தில் உள்ள கால்சியம், பாஸ்பேட், மெக்னீசியம் மூன்றையும் இழுத்துக்கொள்கிறது. சுங்கை சிப்புட்காரர்களுக்கு 1948 என்றால் எல்ஃபில் தோட்டத்துக் கொலையும் அதையடுத்து வந்த மலாயா அவசரகாலமும்தான் நினைவுக்கு வரும். அதே வருடத்தில்தான் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் இந்த நிலையைப் பசித்த எலும்பு என்று எழுதிவைத்தார். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இந்தப் பசி மற்றவர்களைவிட அதிகம். ஆப்பரேஷனுக்கு முன் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற இரத்த அளவு மிக உயர்ந்திருந்தால், பசி கடுமையாக இருக்கும் என்று மருத்துவர்கள் எதிர்பார்ப்பார்கள். அதனால்தான் சிலருக்கு முன்கூட்டியே கால்சிட்ரையால் என்ற, வேலை செய்யும் வடிவத்திலேயே உள்ள வைட்டமின் டி மாத்திரை கொடுக்கிறார்கள்.

கால்சியம் பெரும்பாலும் ஆப்பரேஷன் முடிந்த இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் அடிமட்டத்தைத் தொடும். அந்த நாட்களில் மணிக்கணக்குப் பார்த்து இரத்தம் எடுப்பார்கள். 2003-இல் அமெரிக்கத் தேசிய சிறுநீரக அறக்கட்டளை வெளியிட்ட வழிகாட்டி, முதல் 48 முதல் 72 மணி நேரம்வரை 4 முதல் 6 மணிக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. “எத்தனை தடவைதான் குத்துவீங்க?” என்று தாதிகளிடம் கோபப்படுகிறவர்கள் உண்டு. கோபம் நியாயம்தான், ஆனால் அந்த இரத்தம் வேண்டும். அளவு மிகவும் இறங்கினால் கால்சியத்தை இரத்தநாளம் வழியாக ஏற்றுவார்கள். அது ஏறும்போது ஊசி போட்ட இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே கூப்பிடுங்கள். கால்சியம் இரத்தநாளத்துக்கு வெளியே கசிந்தால் தோலையும் சதையையும் புண்ணாக்கிவிடும். பிஸ்துலா கையில், அதாவது டயாலிசிஸுக்காக இரத்தநாளங்களை இணைத்துத் தைத்த கையில், ஊசி போட வந்தால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். வார்டில் புதிதாக வந்தவருக்கு அது எந்தக் கை என்று தெரியாமல் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். லிந்தாங் சாலைப் பக்கம் வீடு, பிள்ளைகள் சிங்கப்பூரில், கணவர் செம்பனைத் தோட்டத்தில். ஆப்பரேஷன் நன்றாக முடிந்தது. வலி விட்டுப்போன சந்தோஷத்தில், நடந்தே வந்து கட்டிலில் படுத்தார். டயாலிசிஸ் முடியப் போகிற நேரத்தில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். பிபி பட்டை இறுகியபோது விரல்கள் தாமாகவே கூம்பிக்கொண்டன. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், ஒன்றுகூட விடவில்லை என்கிறார். பொய் சொல்லவில்லை. எல்லா மாத்திரையையும் சோற்றோடு சோறாகச் சாப்பிட்டிருக்கிறார்.

“நீங்கதானே மிஸ்ஸி, வெள்ளை மாத்திரைய சாப்பாட்டோடதான் சாப்பிடணும்னு இத்தனை வருஷமா சொன்னீங்க?”

ஆமாம், சொன்னோம். ஆப்பரேஷனுக்கு முன் கால்சியம் கார்பனேட்டின் வேலை, சாப்பாட்டில் உள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்புவது. அதற்குச் சாப்பாட்டோடுதான் சாப்பிட வேண்டும். ஆப்பரேஷனுக்குப் பிறகு அதே மாத்திரைக்கு வேலை வேறு. அது இரத்தத்தில் சேர வேண்டும். சோற்றோடு போனால் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு வீணாக வெளியே போய்விடும். அதனால் இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில், வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் சாப்பிடச் சொல்வார்கள். மாத்திரையின் நிறம் மாறவில்லை, டப்பா மாறவில்லை, நேரம் மட்டும் மாறிவிட்டது. மருந்துப் பையில் இதைப் பெரிதாக எழுதி ஒட்டாவிட்டால், பழகிய கை பழகிய நேரத்துக்குத்தான் போகும். உங்கள் மருந்துச் சீட்டில் நேரம் தெளிவாக இல்லையென்றால், மருந்தகத்தை விட்டு நகர்வதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

எண்ணிக்கையும் மலைப்பாக இருக்கும். நான் சொன்ன அதே வழிகாட்டியில் ஒரு வேளைக்கு 1 முதல் 2 கிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று இருக்கிறது. 500 மில்லிகிராம் மாத்திரையாக எண்ணினால் ஒரு நாளைக்கு 6-இலிருந்து 12 வரை. சிலருக்கு இதற்கு மேலும் தேவைப்படுகிறது. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேளுங்கள். சிக்கலுக்குப் பயந்து மாத்திரையைக் குறைக்காதீர்கள். கூடவே கால்சிட்ரையால் அல்லது அதே வகையான ஆல்ஃபாகால்சிடால் தருவார்கள். அது இல்லாவிட்டால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. வாயுத் தொல்லைக்கு ஒமெப்ரசோல் சாப்பிடுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வயிற்றில் அமிலம் குறைந்தால் கால்சியம் கார்பனேட் சரியாகக் கரையாது. தைராய்டு மாத்திரைக்கும் சில ஆன்டிபயாடிக்குகளுக்கும் இதற்கும் நடுவே சில மணி நேர இடைவெளி வேண்டும்.

ஆப்பரேஷனுக்கு முன் சினகால்செட் சாப்பிட்டவர்கள் வீட்டில் மிச்சம் வைத்திருப்பார்கள். விலை அதிகம், எறிய மனம் வராது. தயவுசெய்து தொடாதீர்கள். பி.டி.எச்.-ஐயும் கால்சியத்தையும் இறக்குவதுதான் அந்த மருந்தின் வேலை. ஏற்கெனவே இறங்கிக் கிடக்கிற கால்சியத்தை அது இன்னும் இறக்கும்.

அடுத்தது கடிதம். மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது தரும் கடிதம் முதல் டயாலிசிஸுக்கு முன்பே எங்கள் கைக்கு வர வேண்டும். போனில் படம் எடுத்து அனுப்பினாலும் போதும். அதில் எங்களுக்குத் தேவையானது இரண்டு. ஒன்று, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து இல்லாமல் எத்தனை நாள் ஓட்ட வேண்டும் என்பது. புதிதாகத் தைத்த கழுத்தில் இரத்தம் கசிந்து கட்டியானால் மூச்சுக்குழாயையே அழுத்திவிடும். இரண்டு, டயாலிசிஸ் திரவத்தில் எவ்வளவு கால்சியம் வேண்டும் என்பது. திரவங்கள் 1.25, 1.5, 1.75 மில்லிமோல் என்று வருகின்றன. பசித்த எலும்புக்காரருக்கு உயர்ந்த அளவு தேவைப்படும். கால்சியம் ஏறியதால் முன்பு குறைந்த அளவுக்கு மாற்றியிருந்த ஒருவர், கடிதமில்லாமல் அதே திரவத்தில் நாலு மணி நேரம் ஓடினால் மெஷினே அவருக்கு எதிராக வேலை செய்யும். டயாலிசிஸ் முடியும்போது இரத்தத்தில் காரத்தன்மை கூடுவதாலும் உடலுக்குப் பயன்படும் கால்சியம் சற்று இறங்கும். அந்த அக்காவுக்குக் கடைசி அரை மணியில் உதடு மரத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆரம்ப வாரங்களில் மெஷினில் போடும்போதே குழாயிலிருந்து இரத்தம் எடுத்துக் கால்சியம் பார்க்கலாம், தனியாகக் குத்த வேண்டாம். எங்களிடம் தைரியமாகக் கேளுங்கள்.

தொண்டை வலிக்கிறது, ஒரு நாள் டயாலிசிஸை விட்டுவிடுகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த ஆப்பரேஷனுக்குப் பிறகு பொட்டாசியம் ஏறுவது உண்டு.

உதடு, விரல் நுனி மரப்பு வந்தால் அன்றே மையத்துக்கோ மருத்துவமனைக்கோ போன் செய்ய வேண்டும். கை இழுத்துக்கொள்வது, வலிப்பு, நெஞ்சு படபடப்பு, மயக்கம், மூச்சு விடும்போது கீச்சென்ற சத்தம், கழுத்து திடீரென்று வீங்குவது என்றால் 999, அல்லது உடனே அவசரப் பிரிவு. இரவு என்றால் யார் வண்டி எடுப்பார் என்பதை ஆப்பரேஷனுக்கு முன்பே பேசி வையுங்கள். ஊருக்குள் இருப்பவருக்கு ஈப்போ மருத்துவமனை அரை மணிப் பயணம்தான். தோட்டத்து உள்சாலையில் இருப்பவருக்கு அப்படி இல்லை. சில இடங்களில் போன் லைனும் கிடைக்காது. வயதானவர் தனியாக இருந்தால், அந்த முதல் இரண்டு வாரம் சொந்தக்காரர் யார் வீட்டிலாவது, பெரிய சாலைக்குப் பக்கத்தில் தங்கவையுங்கள். பிள்ளைகள் லீவு எடுப்பதென்றால் ஆப்பரேஷன் நாளுக்கு எடுப்பதைவிட, வீடு திரும்பிய வாரத்துக்கு எடுக்கலாம். வார்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, வீட்டில்தான் இல்லை.

சாப்பாட்டில் ஒரு தலைகீழ் மாற்றம். வருடக்கணக்காகப் பால், தயிர், முட்டை, நெத்திலி எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்தவர்களிடம், பாஸ்பேட் இறங்கிவிட்டது, கொஞ்ச நாளைக்குச் சாப்பிடுங்கள் என்று மருத்துவர் சொல்லக்கூடும். பாஸ்பேட்டைப் பிடிக்கும் மற்ற மாத்திரைகளை நிறுத்தவும் சொல்லலாம். இரத்த அளவைப் பார்த்து அவர் சொல்லட்டும், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். பொட்டாசியத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள கட்டுப்பாடு மாறவே மாறாது. பெரியம்மாமார்கள் அன்போடு காய்ச்சிக் கொண்டுவரும் ஆட்டுக்கால் சூப்பில் எலும்புக்கு வேண்டிய கால்சியம் சொற்பம். உப்பும் தண்ணீரும்தான் ஏறும். பிரண்டைத் துவையலும் வேண்டாம், அதில் உள்ள ஆக்சலேட்டை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லை. கொண்டுவந்தவர் மனம் நோகுமே என்றால், கணவரைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அரிப்பும் வலியும் சிலருக்குச் சில நாளிலேயே குறைந்துவிடுகின்றன. அதுதான் ஆபத்தும்கூட. வலி போனதும் எலும்பு தேறிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அடுத்த தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலில் பால்குடம் எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். எலும்பு அடர்த்தி கூடுவதற்கு மாதங்கள், சிலருக்கு வருடத்துக்கு மேல்கூட ஆகும். குடம் எடுப்பதைவிட, அந்தக் கூட்டத்தில் வழுக்கி விழுவதுதான் எனக்குப் பயம். எலும்பு மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

பசி ஒருநாள் தீரும். சிலருக்குச் சில வாரத்தில், சிலருக்குப் பல மாதத்தில். அப்போது அதே பன்னிரண்டு மாத்திரை அதிகமாகிவிடும். கால்சியம் மேலே ஏறும், குமட்டல் வரும், மலச்சிக்கல் கூடும், அரிப்பு திரும்பும். அதனால் மூன்று மாதத்துக்கு எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு அளவு பார்க்காமல் மருந்து வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள். கால்சியம் பார்க்கிற அன்றே மாத்திரை எண்ணிக்கை மாறுகிறதா என்று கேளுங்கள். கையில் சுரப்பித் துண்டு பதித்தவர்கள் பி.டி.எச். பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும்போது அது எந்தக் கை என்று சொல்லுங்கள். அந்தக் கையில் எடுத்த இரத்தம் உடம்பு முழுவதற்குமான அளவைவிடக் கூடுதலாகக் காட்டும்.