எஸ்.ஓ.பி. இருக்கிறது, கேஜ் ஒட்டத் தெரிந்தவர் எங்கே?

போன வாரம் பெங்களூரு பீன்யாவில், எடையை மின்சிக்னலாக மாற்றும் லோட்செல் செய்கிற ஒரு சின்னக் கம்பெனிக்குப் போயிருந்தேன். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய பன்னிரண்டு லோட்செல்கள் மேசையில் வரிசையாக இருந்தன. முழு எடையை ஏற்றி அரை மணி நேரம் விட்டால் ரீடிங் மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது. இதற்குப் பெயர் கிரீப். எடையை எடுத்தால் ஜீரோவுக்கும் ஒழுங்காகத் திரும்பவில்லை. இந்த வருடம் இதே கோளாறுக்காக நான் படியேறிய மூன்றாவது கம்பெனி இது.

"கேஜ் ஒட்டுகிற அண்ணன் எங்கே?" என்று கேட்டேன். கேஜ் என்றால் லோட்செல்லின் உலோகத்தில் ஒட்டும் மெல்லிய ஸ்ட்ரெயின் கேஜ். உலோகம் நீண்டால் அதன் மின்தடை மாறும்.

"அவர் நின்று ஆறு மாதம் ஆகிறது சார். எஸ்.ஓ.பி. எல்லாம் எழுதி வைத்திருக்கிறோமே" என்றார் இளம் எம்.டி. எஸ்.ஓ.பி. என்பது வேலையைப் படிப்படியாகச் சொல்லும் செய்முறைத் தாள்.

இந்தப் பதிலைக் கேட்டால்தான் எனக்கு ஆறவே ஆறாது. ஒரு கணக்குப் பாருங்கள். 350 ஓம் ஸ்ட்ரெயின் கேஜ், கேஜ் ஃபேக்டர் (நீட்சி விகிதத்தைப் போல எத்தனை மடங்கு மின்தடை மாறும் என்பது) சுமார் 2. முழு எடையில் ஆயிரம் மைக்ரோஸ்ட்ரெயின், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்சி, வந்தால் மின்தடை மாறுவது மொத்தமே 0.7 ஓம். அதை 3000 பிரிவாகப் பிரித்துக் காட்டுவேன் என்று வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு பிரிவுக்கு 0.0002 ஓமுக்குச் சற்று மேல். உலோகத்தின் அசைவைக் கேஜுக்குக் கொண்டு சேர்ப்பது நடுவில் இருக்கும் மெல்லிய பசைப் படலம் ஒன்றுதான். அது சரியாக வேகவில்லை என்றால் சுமைக்கு மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும்.

எஸ்.ஓ.பி.யில் "ஆல்கஹாலால் துடைக்கவும்" என்று ஒரே வரி. பஞ்சை ஒரே பக்கமாக இழுக்க வேண்டும், அதே பஞ்சால் திரும்பத் துடைத்தால் எடுத்த அழுக்கையே மறுபடி பூசுகிறோம் என்பது அதில் இல்லை. அலுமினியத்தைத் தேய்த்து வைத்துவிட்டு டீ குடித்து வந்து ஒட்டக் கூடாது என்பதும் இல்லை. பசை ஓரத்தில் எப்படிப் பிதுங்கினால் கிளாம்ப் அழுத்தம் சரி என்பதை எழுதவே முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும். அந்த அண்ணன் இருபது வருடம் பார்த்தவர்.

கேலிபரேஷன் சான்றிதழையும் காட்டினார்கள். அது அன்றைக்கு, அந்த அறையில், அந்த எடைக்கு என்ன காட்டியது என்று சொல்லும். உள்ளே பசை வெந்ததா என்று சொல்லாது.

நடந்தது இதுதான். டிஸ்பாட்ச் தேதி நெருங்கியதும் ஒட்டிய பிறகு பசையை ஓவனில் மறுபடி வேகவைக்கும் போஸ்ட் க்யூரைச் செய்யாமல் விட்டுவிட்டார்கள். பெஞ்சில் இருந்த தம்பிக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது, தனியாகக் கேட்டபோது சொன்னான். எம்.டி.யிடம் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவனை யாரும் வைக்கவில்லை. அண்ணன் இருந்திருந்தால் சத்தம் போட்டே நிறுத்தியிருப்பார்.

முதலாளிகளே, ஒரு வாரம் பெஞ்சில் உட்காருங்கள். நீங்கள் ஒட்ட வேண்டாம், கிரீப் கிராஃபைப் படிக்கவாவது தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றிரண்டையாவது முப்பது நிமிடம் சுமையில் வைத்துப் பாருங்கள். லாட்டை நிறுத்தும் அதிகாரத்தைப் பெஞ்சுக்குக் கொடுங்கள், எழுத்திலேயே கொடுங்கள். ரிஜெக்ட் ஆனதைக் குப்பையில் போடாமல் காரணம் எழுதி எடுத்து வையுங்கள், புதிதாக வருகிறவனுக்கு அதுதான் பாடம். இன்சுலேஷன் பார்க்கிறேன் என்று 500 வோல்ட் மெக்கர் என்ற சோதனைக் கருவியைக் கேஜில் வைக்காதீர்கள், அதையும் போன மாதம் ஓரிடத்தில் பார்த்தேன்.

பெரியவர் ஓய்வு பெறும் மாதத்தில் ஆள் தேடினால் நடக்காது. ஒரு வருடம் முன்பே ஒரு பையனை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டு சம்பளம் என்று கணக்குப் போடுகிறீர்கள், சரி. திரும்பி வந்த பன்னிரண்டு லோட்செல்லையும் போய்விட்ட வாடிக்கையாளரையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

அந்த அண்ணன் இப்போது கிருஷ்ணகிரியில் சொந்த ஊரில் இருக்கிறாராம். போன் நம்பர் அந்தத் தம்பியிடம் இருக்கிறது. அடுத்த லாட் ஓவனுக்குப் போவதற்கு முன்னால், தயவுசெய்து, எம்.டி.யே கூப்பிட்டுப் பேசட்டும்.