ராடிகலைசேஷன்: வெறியேற்றம்

2005 ஜூலை 7 அன்று லண்டனில் குண்டுகளோடு புறப்பட்ட நால்வரில் ஒருவனுக்கு வயது 18. அவர்களால் 52 பேர் இறந்தார்கள். நால்வரில் மூவர் பிரிட்டனிலேயே பிறந்தவர்கள். ‘நம் நடுவே வளர்ந்த பிள்ளை எப்படி இப்படி ஆனான்?’ என்ற கேள்வியோடு சேர்ந்து ஊடகங்களில் பரவிய சொல்தான் ராடிகலைசேஷன். ஒருவர் படிப்படியாக வன்முறையையும் ஏற்கும் தீவிரக் கொள்கைக்குள் போவதை அது குறிக்கிறது.

இதன் அடி லத்தீனின் ‘ராடிக்ஸ்’, பொருள் வேர். வேர்வரை போவதுதான் ராடிகல். 1797இல் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் தலைவர், வாக்குரிமையை விரிவாக்க ‘ராடிகல்’ சீர்திருத்தம் வேண்டும் என்று கேட்டார். அங்கே அச்சமூட்டும் பொருள் எதுவும் இல்லை.

தமிழில் தீவிரமயமாதல் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. தேர்வுக்குத் தீவிரமாகப் படிக்கிறாள் என்றும் சொல்கிறோமே! சரி, மூளைச்சலவை? சீன மொழியின் ‘ஷி நாவ்’, அதாவது மூளையைக் கழுவுதல், 1950இல் எட்வர்ட் ஹன்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் வழியாக ஆங்கிலத்தில் பரவி, பிறகு நம்மிடம் வந்தது. ஆனால் சலவைக்குப் போட்ட துணி சும்மா கிடக்கும். பதினாறு வயதுப் பிள்ளை அப்படிக் கிடப்பதில்லை. தனக்கு ஓர் இடம் தேடிக்கொண்டிருக்கிறது. வகுப்பில் பேச ஆளில்லை, அப்பாவோடு பேச்சே இல்லை. இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசியில் ஒருவர் மட்டும் “தம்பி, இன்னும் தூங்கலையா?” என்று கேட்கிறார். பல நாள் மதப்பேச்சே எழாது. அப்புறம்தான் ‘நாம்’, ‘அவர்கள்’ என்ற பிரிவு வருகிறது. பிடித்த பாட்டு பாவமாகிறது. அம்மாவின் வழிபாடுகூடப் போலியாகிறது.

இதைச் சொல்ல நம்மிடமே வெறி என்ற சொல் இருக்கிறது. பழந்தமிழில் நறுமணமும் வெறி, தெய்வம் ஏறி ஆடுவதும் வெறி. சங்கப் பாடல்களில் மகள் மெலிவதைப் பார்த்த தாய், முருகன் அணங்கினான், அதாவது பிடித்து வருத்துகிறான் என்று எண்ணி, வேலன் என்ற முருக பூசாரியை அழைத்து வெறியாட்டு நடத்துவாள். மகளின் மனதில் இருப்பது காதல் என்பது தோழிக்குத்தான் தெரியும். மெலிவு தாயின் கண்ணில் பட்டது, காரணம் படவில்லை. இந்த இடம் எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

மதவெறி ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால், வெறியேற்றம் என்பதே பொருத்தம் என்பேன். பிள்ளைக்குள் ஏறுவதையும், வெளியே ஒருவர் ஏற்றுவதையும் அது சேர்த்தே சொல்கிறது. ஏறியது இறங்கும் என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. அதனால் அந்த நிலையிலிருந்து ஒருவரை மீட்கும் டீராடிகலைசேஷனுக்கு வெறியிறக்கம் என்று தயங்காமல் எழுதலாம்.