கான்ட்ராக்டர் மாறினால் பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள்

மாநகராட்சியோ அரசு மருத்துவமனையோ, வேலை அவுட்சோர்சிங்குக்குப் போனதும் "இனி நமக்கு ஒன்றும் கிடையாது" என்று பலர் கைகழுவி விடுகிறார்கள். நிரந்தரப் பணியாளர்களுக்கான சலுகைகள் இல்லைதான். ஆனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் உண்டு. கான்ட்ராக்டர் கட்டாமல் விட்டால், முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் அந்த அலுவலகத்துக்கே பொறுப்பு வந்து சேரும்.

சம்பளச் சீட்டைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000 ரூபாய், வேறு படி இல்லை என்றால், பி.எஃப். 12% 1,440, இ.எஸ்.ஐ. 0.75% 90. மொத்தம் 1,530. பிடித்தம் 3,360 என்றிருந்தால், கான்ட்ராக்டர் தன் பங்கான பி.எஃப். 1,440-ஐயும் இ.எஸ்.ஐ. 390-ஐயும் உங்கள் சம்பளத்திலேயே கழித்துவிட்டார் என்று பொருள். அது சட்டவிரோதம்.

பெரிய நஷ்டம் வேறிடத்தில் நடக்கிறது. கான்ட்ராக்டர் கட்டும் 12%-இல் 8.33% பென்ஷன் கணக்குக்குப் போகிறது. மாதப் பென்ஷனுக்கு 10 ஆண்டு சர்வீஸ் தேவை. டெண்டர் முடிந்து கம்பெனி மாறும்போதெல்லாம் படிவம் 10சி கொடுத்துப் பென்ஷன் பணத்தை எடுத்தால், அதுவரையிலான சர்வீஸ் அழிந்துவிடும். ஒரே வார்டில் 15 வருஷம் கூட்டியவருக்கும் பென்ஷன் வராமல் போவது இப்படித்தான்.

எனவே புதிய கான்ட்ராக்டரிடம் பழைய யு.ஏ.என். எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள், பழைய கணக்கை அதோடு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றம் சிக்குவது பெரும்பாலும் இனிஷியலில்: ஆதாரில் "மு. செல்வி", பி.எஃப்.-இல் "செல்வி முருகன்". இன்னொன்று, பழைய கான்ட்ராக்டர் வெளியேறிய தேதியைப் பதியாமல் போய்விடுவார். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து அதை நீங்களே பி.எஃப். இணையதளத்தில் பதியலாம்.

உமங் செயலியில் பாஸ்புக்கை மாதாமாதம் பாருங்கள். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பணம் கட்டப்பட வேண்டும். அலுவலகத்துக்குக் கொடுக்கும் பில்லோடு கான்ட்ராக்டர் இணைக்கும் சலானில் தொகை மட்டுமே தெரியும். வேறு இடத்து ஆட்களுக்குக் கட்டியதையும் அப்படிக் காட்டிவிடலாம். யார் யாருக்கு எவ்வளவு கட்டப்பட்டது என்ற ஆள்வாரிப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அரசு அலுவலகம் என்பதால் அதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்: 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். உங்கள் பெயருள்ள வரியை, எந்தெந்த மாதங்களுக்கு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். எல்லோருடைய விவரத்தையும் கேட்டால் மறுத்துவிடுவார்கள். அந்த நகலைச் சம்பளச் சீட்டோடு சேர்த்துப் பி.எஃப். குறைதீர் தளத்தில் ஏற்றுங்கள்.